கட்டைவிரலில் ஒரு ரேடியோ

"விழுந்துடுச்சு," என்றாள் மனைவி.

பல்செட்டுக்காரர் எது விழுந்தது என்று கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டில் விழக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுடைய வலது கட்டைவிரல் நகம்.

மற்ற ஒன்பது நகங்களும் ஆணி அடித்த மாதிரி இருந்தன. அதே மாவு, அதே திரவம், அதே பசை, அதே கை. ஒன்பது நிற்கிறது, ஒன்று நிற்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாகவேண்டும். காரணம் இல்லாமல் எதுவும் கழன்று விழாது என்பது இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்து பிழைக்கிறவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். அந்தக் காரணம் எது என்பதுதான் தெரியவில்லை.

"எங்க விழுந்துச்சு?"

"கைப்பைக்குள்ள. ஜிப்பை இழுத்தேன், அதுவும் கூடவே போயிடுச்சு."

"மூணாவது தடவை."

"நல்லா எண்ணிக்கிட்டே இருங்க. ஆறு மணிக்கு நான் கிளம்பணும்."

மணி மூன்றரை.

விஷயம் இதுதான். அவளும் பள்ளித் தோழிகளும் முப்பது வருடம் கழித்து அன்று மாலை சந்திக்கிறார்கள். ஏற்பாடு செய்தவள் அந்தக் கால வகுப்புத் தலைவி. தலைமைப் பதவியை அவள் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. 'பழைய நாட்களின் நினைவும் மத்தியதரைக் கடலோரக் கிராமத்து அழகும் கலந்த தோற்றத்தில் அனைவரும் வரவேண்டும்' என்று அறிவித்திருந்தாள். இரண்டையும் எப்படிக் கலப்பது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே அவளை யாரும் கேள்வி கேட்டதில்லை. அறிவிப்பின் கடைசி வரி, 'நக அலங்காரத்துக்குத் தனிப் போட்டி உண்டு. வீட்டில் செய்ததாக இருக்கவேண்டும்.'

அந்த வரியை மனைவி நான்கு முறை படித்தாள். காரணம், அந்த வகுப்பில் அவளுக்குப் பெயர் நகந்தின்னி. பன்னிரண்டு வயதில் கணக்குப் பரீட்சையின்போது பத்து விரலையும் கடித்துத் துப்பியதற்காகக் கிடைத்த பட்டம். கடிப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் நகங்கள் அவளை நம்பவில்லை. விரல் நுனியைத் தாண்டி வளர மறுத்துவிட்டன. அழகு நிலையத்துப் பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டறதுக்கு இடமே இல்லையே மேடம்," என்று கைவிரித்துவிட்டாள்.

அழகு நிலையத்திலிருந்து அவள் திரும்பிய இரவு, சாப்பாட்டின்போது பல்செட்டுக்காரர் வாயைக் கொடுத்தார்.

"நகம்னா என்ன, வேரில்லாத பல்லு. பத்துதானே? ஒரு ஆளுக்கு நான் இருபத்தெட்டு செய்யறவன்."

சொன்னபடி செய்தும் காட்டினார். பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற மாவைத் திரவத்தில் குழைத்து, மெல்லிய பத்து ஓடுகளாக வார்த்தார். கடலோரக் கிராமத்துச் சுவர் வெள்ளைக்குப் பல் வெள்ளை ஆகாது. பல் வெள்ளையில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கும். ஆகவே சுண்ணாம்பு நிறத்துக்குத் தனியாகக் கலந்து, காய்ந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அப்போதுதான் மேடும் பள்ளமுமாகக் கையால் பூசிய சுவர் போலத் தெரியும். அதில் வெயிலும் மழையும் பட்ட பழமை வேண்டுமே? அதற்கும் அவரிடம் சரக்கு இருந்தது. நாற்பது வருடம் காபி குடித்தவருடைய பல்செட் பளீரென்று இருந்தால் ஊர் சிரிக்கும் என்பதால், பல்லுக்கு இடையில் தடவுகிற பழுப்புக் கறை ஒன்று உண்டு. அதைச் சுவரின் மூலைகளில் இழுத்துவிட்டார். ஈறு நிறத்தில் கொஞ்சம் செங்கல் நிறம் சேர்த்ததும் மண்தொட்டி தயார். சுண்டுவிரலில் மண்தொட்டி, மோதிர விரலில் இலையோடு எலுமிச்சம்பழம், நடுவிரலில் இசைத்தட்டு, ஆள்காட்டி விரலில் நீலக் கதவு போட்ட ஜன்னல். கட்டைவிரலில் இடம் அதிகம் என்பதால் அங்கே, சுண்ணாம்புச் சுவரின் முன்னால், இரண்டு திருகு வைத்த பழைய ரேடியோ.

நேற்று வேலை மேசை முன் அவளை உட்காரவைத்து, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து ஒட்டினார். மனைவி கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது என் கைதானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இன்னும் இருபது நகம் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இன்று காலை குளியலறைக் கதவில் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள். ரேடியோ கழன்றது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மர்மம் அதற்குப் பிறகுதான். ஒட்டினார், துண்டை மடிக்கும்போது விழுந்தது. ஒட்டினார், இப்போது கைப்பைக்குள்.

"வழவழப்பா இருக்கு, அதான்," என்றார். "பசைக்குப் பிடிமானம் வேணும்."

நகத்தின் அடிப்பக்கத்தைச் சின்னச் சாணைச் சக்கரத்தால் சொரசொரப்பாக்கினார். சக்கரம் ஒரு நொடி அதிகம் ஓடிவிட்டதில் ரேடியோவின் ஒரு திருகு காணாமல் போயிற்று. பிறகு அவள் நின்றுகொண்டிருந்த அலமாரிப் பக்கமே பசைப் புட்டிகளோடு போனார். இடது கை அவள் விரலைப் பிடித்திருந்தது, வலது கையில் தூரிகை. நகத்தை உதட்டில் இடுக்கிக்கொண்டார்.

"இந்தத் தடவை நிக்குமா?"

"ம்."

"கடை மூடறதுக்குள்ள பூ கிளிப்பு வாங்கணும். நேரம் இருக்கா?"

"ம்ம்."

"கேட்டா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்," என்று அலமாரியிடம் முறையிட்டாள் மனைவி.

பூ கிளிப்பு வாங்கும் வரைகூட நகம் நிற்கவில்லை. செருப்பு வாரை மாட்டும்போதே எகிறி, கூடத்து மின்விசிறியில் பட்டு, சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது.

பல்செட்டுக்காரர் தரையோடு தரையாகப் படுத்து அதைத் தேடி எடுத்தார். படுத்திருந்தபோது ஒரு புதுக் காரணம் தோன்றியது.

"நெம்புகோல். கடப்பாரை மாதிரி. நகம் நீளமா இருக்க இருக்க, நுனியில லேசா தட்டினாலே அடியில பெரிய விசை. குட்டையாக்கினா நிக்கும்."

குட்டையாக்கினார். ரேடியோவின் கீழ்ப்பாதி போயிற்று.

"இது ரேடியோவா, தீப்பெட்டியா?"

"தூரத்துலேருந்து பார்த்தா ரேடியோதான்."

"நான் என்ன தெரு முனையில நின்னா கையைக் காட்டப்போறேன்?"

தீப்பெட்டியும் பத்து நிமிடத்தில் விழுந்தது. மணி நாலேகால். கடைசி ஆயுதமாக, உடைந்த பல்லின் மேல் உறை மாட்டும்போது போடுகிற பசையை எடுத்தார். அது ஒட்டினால் ஒட்டியதுதான். நகத்தை மறுபடி உதட்டில் இடுக்கி, பொடியையும் திரவத்தையும் கண்ணாடித் துண்டின் மேல் குழைத்து, விரலில் தடவி, நகத்தை வைத்து, தன் ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தார்.

இரண்டு நிமிடம் முடிந்து விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஓரத்துல கொஞ்சம் வழிஞ்சிருக்கு."

"விடுங்க கையை."

"விட முடியல."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. இருவரும் சேர்ந்துதான் போய்க் கதவைத் திறக்கவேண்டியிருந்தது. வெளியே, பல் மருத்துவரின் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அம்மாள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நின்றாள். கைகோத்து நின்ற தம்பதியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்புறமா வரட்டுமா சார்?"

"இல்லம்மா, உள்ள வாங்க. கீழ் செட்டு மெருகு போட்டுத் தரணும், அவ்வளவுதான். உக்காருங்க."

"மேல் செட்டையும் டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கார்." டப்பாவை நீட்டினாள். "ஈறுல ஒரு எலுமிச்சம்பழம் இருக்காம். அந்தப் பெரியவர் சிரிச்சா தெரியுதாம்."

பல்செட்டுக்காரர் டப்பாவுக்குள் பார்த்தார். இருந்தது. இலையோடு இருந்தது. நகத்தில் தீட்டுமுன் எலுமிச்சம்பழத்தை எதன் மேல் வரைந்து பார்த்தோம் என்று யோசித்து, நினைவு வந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இருவரும் கையை ஊறவைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். கிளினிக் அம்மாள் எதிரே உட்கார்ந்தாள்.

"ரொம்ப வருஷம் கழிச்சுக் கையைப் பிடிச்சிருக்கீங்க," என்றாள் மனைவி. "அதுவும் பசை போட்டு."

கைபேசி அடித்தது. இடது கையால் அழுத்தினாள். தலைவியின் குரல் மேசையெங்கும் பரவியது.

"என்ன நகந்தின்னி, வர்றதானே? எல்லாரும் உன் விரலைத்தான் பார்க்கணும்னு காத்திருக்கோம். காட்டறதுக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா?"

பின்னணியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். முப்பது வருடத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சமும் தேயவில்லை.

"பத்தும் இருக்கு," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்பதோட போனா, பத்தாவதை வழியில தின்னுட்டேன்னு சொல்லுவாங்க. சாகற வரைக்கும் சொல்லுவாங்க."

தண்ணீருக்குள் ஏதோ நெகிழ்ந்தது. கைகள் பிரிந்தன. நகம் வந்தது, பல்செட்டுக்காரரின் விரலோடு. அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் அரை ரேடியோ அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அதிசயத்தைப் பாரு. உலகத்துலயே பலமான பசை. என்கிட்ட ஒட்டுது, உன்கிட்ட ஒட்டமாட்டேங்குது."

"என் ராசி," என்றாள் அவள்.

நகத்தை விரலிலிருந்து கத்தி முனையால் நெம்பி எடுத்தார். அவளுடைய ஆள்காட்டி விரலின் நீல ஜன்னல் சோப்பில் வெளுத்து, ஆள் இல்லாத வீட்டு ஜன்னல் மாதிரி ஆகியிருந்ததை அவள் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். பசை தெளிவாக இல்லை. பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். பகல் முழுக்க இல்லாத உற்சாகம் குரலில் வந்தது. "எச்சில்."

"என்னது?"

"இந்தப் பசைக்கு ஒரே எதிரி எச்சில்தான். ஒரு சொட்டு நடுவுல பட்டாப் போதும், பசை எச்சிலைப் பிடிச்சுக்கும், நகத்தை விட்டுடும். அதனாலதான் டாக்டர் நோயாளி வாயில அத்தனை பஞ்சை அடைச்சுட்டு ஒட்டறார். என்னம்மா?"

கிளினிக் அம்மாள் தலையாட்டினாள்.

"இதுல எச்சில் பட்டிருக்கு. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. கோவிச்சுக்கமாட்டேன். கடிச்சியா?"

"நான் ரெண்டு வருஷமா கடிக்கல," என்றாள் அவள் மெதுவாக.

"தெரியாம வாய்க்குப் போயிருக்கும். பழக்கம்தானே. அதுவும் நீ எப்பவும் வலது கட்டைவிரலைத்தான் முதல்ல…"

மேலே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது.

"அவங்க சொன்னா, அவங்க அப்படித்தான்னு விட்டுடலாம்," என்றாள். "நீங்களுமா?"

காதில் மாட்டியிருந்த பெரிய வளையங்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைபேசியை எடுத்து, 'நான் வரவில்லை' என்று தட்டச்சு செய்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. பிறகு அதை வைத்துவிட்டு, மற்ற நகங்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். எலுமிச்சம்பழம் வரவில்லை. இசைத்தட்டு வரவில்லை. மண்தொட்டி அசையக்கூட இல்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம். இழுக்க இழுக்க வராத கோபத்தில், அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பல்செட்டுக்காரருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன் கையால் அவளுக்குப் பத்து நகம் கொடுத்து, தன் வாயாலேயே பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மணி ஐந்து. அவருக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான். வேலை மேசையிலிருந்து பசைச் சாமான்களைத் தட்டோடு எடுத்துவந்து, அவள் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையைக் குடு."

"வேண்டாம். நான் போகல."

"போகாட்டியும் பரவாயில்ல. பத்தும் இருக்கட்டும். குடு."

வேறு எங்கோ பார்த்தபடி கையை நீட்டினாள். அவர் அவள் கட்டைவிரலைப் பஞ்சால் மூன்று முறை துடைத்தார். ஊதிக் காயவைத்தார். நகத்தின் அடியிலிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். புதிதாகப் பொடியைக் கொட்டினார், திரவம் விட்டார். இடது கையில் அவள் விரல், வலது கையில் தூரிகை. நகத்தை உதட்டில் இடுக்கிக்கொண்டார்.

"இனிமே நான் அதை வாய்க்குக் கொண்டுபோகாம நீங்க பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கணுமா?" என்றாள் மனைவி.

"ம்," என்றார்.

அதுவரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிளினிக் அம்மாள், எழுந்து, தட்டிலிருந்த இடுக்கியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், அந்த நகத்தை உங்க வாயில வெக்காம, இதால எடுத்து ஒட்டுங்க. நிக்கும்."