கேப்டனின் போன்

அய்யாதுரை மாத்திரையை வாங்கினார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

நாஜியாவுக்கு அழுகை வந்தது. முன்னாள் ராணுவத்தாரின் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவர, ஒரு தொண்டு நிறுவனம் அவளை மல்லாங்கிணற்றுக்கு அனுப்பியிருந்தது. ஊரார் வைத்த பெயர் சுகர் டீச்சர். அய்யாதுரைக்குக் கால்விரல் மரத்துவிட்டது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"ஹவில்தாருக்கு ஆர்டர் போட சிவிலியனுக்கு அதிகாரம் கெடையாது தாயி," என்றார் அவர். "எங்க கேப்டன் லட்சுமிகாந்தம் சொன்னா மட்டும்தான் கேப்பேன்."

பஸ்ஸில் திரும்பும்போதே அவளுக்கு யோசனை பிறந்துவிட்டது. சிவகாசி அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி சுஃபியானுக்கு நல்ல கட்டைக் குரல்.

மறுநாள் காலை அய்யாதுரையின் செல்போனில் கேப்டன் பேசினார். மாத்திரை போட வேண்டும், நடக்க வேண்டும். அய்யாதுரை போனுக்கு சல்யூட் அடித்தார், மாத்திரையை விழுங்கினார், பூட்ஸ் மாட்டிக் கிளம்பினார். நிற்கச் சொல்லி உத்தரவு வராததால் காரியாபட்டி வரை போய்விட்டார். காலெல்லாம் கொப்புளம்.

பதறிப்போன நாஜியா, ஓய்வெடுக்கும்படி கேப்டனைச் சொல்லவைத்தாள். கொப்புளம் ஆறிய பிறகும் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சர்க்கரை ஏறியது. வீட்டில் இனிப்பே இருக்கக்கூடாது என்று அடுத்த உத்தரவு. எந்த வீடு என்று கேப்டன் சொல்லவில்லையாம். தெருவிலிருந்த அத்தனை வீட்டுக் கருப்பட்டியும் பறிமுதலானது. பெண்கள் சுகர் டீச்சரைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி, ஒருவழியாகச் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. நாஜியா துள்ளிக் குதித்த அன்றுதான் சுஃபியான் போனில் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை வீட்டு முற்றத்தில் பரேடு பார்க்கக் கேப்டன் நேரில் வர வேண்டுமாம். வராவிட்டால் அய்யாதுரை மாத்திரையை நிறுத்திவிடுவாராம்.

"நீ என்னலே சொன்ன?"

"வந்துர்றேன்னுட்டேன் லாத்தா."

சனிக்கிழமை அவள் அய்யாதுரை வீட்டுக்கு ஓடினாள். உண்மையைச் சொன்னால் அவர் இனி மாத்திரையைத் தொடவே மாட்டார், விரல் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு மானம் போகும். முற்றத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கொல்லையில் அய்யாதுரை சீட்டியடித்தபடி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மாரித்தாயிடம் நாஜியா மெல்லிய குரலில் எல்லாவற்றையும் கொட்டினாள். மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரித்தாய் கையை விடுவித்துக்கொண்டு, மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

"அந்தக் கேப்டன் அடக்கத்துக்குப் போயி மாலை போட்டுட்டு வந்தவரே இவருதான் தாயி. நாளைக்கு வர்ற தம்பிக்குக் கொழம்புல காரம் எம்புட்டுப் போடலாம்னு ஒங்கிட்ட கேக்கச் சொன்னாரு."