புகைவீட்டுப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கேட்ட விவகாரம்

மேட்டுத் தோட்டம்,
லூபோக் சீனா அருகில்,
12-7-1937

ஜாசின் பாசாரில் மளிகைக் கடை வைத்து, நாலு பேருக்கு நியாயம் சொல்லும் நிலையில் இருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் நாகமுத்து அவர்கள் சமூகத்துக்கு, கங்காணி வீரப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. மாரியம்மன் கண் திறந்து பார்ப்பதால் நானும் தங்கள் தங்கை கருப்பாயியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தாங்களும் வீட்டில் அக்காவும் அங்கே தங்கிப் படிக்கும் என் மகனும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உடம்புதான் சரியாக இருக்கிறதே தவிர எனக்கு மனசு சரியில்லை. காரணம் ஜன்னல்.

நம் தோட்டத்துப் பழைய புகைவீடு தங்களுக்குத் தெரியும். ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, அடியில் கட்டை எரித்துப் புகை போட்டு வந்தோமே, அதேதான். புதுப் புகைவீடு கட்டியபிறகு அது சும்மா கிடந்தது. துரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கச் சட்டம் இருக்கிறது, உடனே வை என்றார். துரை சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? மூன்றே நாளில் சாம்பலை வாரிக் கொட்டி, பலகைகளைக் கல்லின்மேல் போட்டுப் பெஞ்சாக்கி, பள்ளிக்கூடம் தயார் என்று போய்ச் சொன்னேன். கரும்பலகைகூட வாங்கவில்லை; புகை படிந்து நாலு சுவரும் ஏற்கெனவே கரும்பலகைதான். ஜன்னல் கிடையாது. புகைவீட்டுக்கு எவனாவது ஜன்னல் வைப்பானா? இருந்த இடுக்கையெல்லாம் அந்தக் காலத்தில் நானே களிமண் வைத்து அடைத்தேன். கொட்டகை ஒழுகுவதால், மரத்தில் உறைந்த ரப்பரைச் சுரண்டிச் சேர்த்த ஒட்டுப்பால் மூட்டைகளையும் ஒரு மூலையில் அடுக்கி வைத்தேன். நாறத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நாற்பத்து மூன்று பிள்ளைகள் ஒண்டிக்கொண்டு உட்கார இடம் இருந்தது.

இதற்கு வந்து சேர்ந்த வாத்தியார் மணியத்துக்கு முதல் வாரத்திலிருந்தே காற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தினம் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "கங்காணியாரே, பத்து மணிக்கெல்லாம் பிள்ளைங்க தூங்கி விழுதுங்க. தலைவலிங்கிறதுங்க, வாந்தி எடுக்குதுங்க. ரெண்டு பலகையப் பேத்துக் குடுத்தாப் போதும்" என்பார். "தூங்குறது உம்ம பாடத்தக் கேட்டு ஓய்" என்று நானும் விடாமல் சொல்வேன். இருபது வருஷமாகப் புகைவீடு பார்த்தவன் நான், காற்றைப் பற்றி எனக்கா சொல்லித் தருவது? கண்ட நேரத்தில் காற்று புகுந்தால் ஷீட்டு கெட்டுப்போகும் என்று விளக்கினேன். "இது ஷீட்டு இல்லீங்களே, பிள்ளைங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஷீட்டுல பூசணம் பூத்தாத் தொரை என்னையக் கேப்பாரு. பிள்ளைங்க இருமுனா யாருய்யா கேக்கப்போறா?" என்றேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நியாயமாகப் பேசினால் யார்தான் மறுத்துப் பேச முடியும்?

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் பார்வையிடும் அதிகாரி வந்தார். மகாலிங்கம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்து இறங்கினார். பெரிய மனுஷர் வந்தால் நம் முறைப்படி வரவேற்க வேண்டாமா? மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் தயார் பண்ணினேன். வேடிக்கை பார்க்கும் கூட்டமும் ஆடுகளும் உள்ளே நுழையாமல் கதவைச் சாத்தினேன். ஒட்டுப்பால் நாற்றம் ஐயாவுக்கு ஆகாதே என்று தூபக்கால் நிறையத் தணல் போட்டு, இரண்டு கை சாம்பிராணியை என் கையாலேயே அள்ளிக் கொட்டினேன். அவர் சுற்றிப் பார்த்து, "என்ன காணும், ஜன்னல் எங்கே?" என்றார். "மொதல்ல மாலை போட்டுக்கிடுங்க ஐயா" என்றேன். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை ஆரம்பித்தார்கள். ஒரு அடி பாட்டு, இரண்டு அடி இருமல். இதற்குள் பழைய பழக்கம் விடாத கட்டடம், புகையை ஒரு இழைகூட வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. ஐயா கழுத்துப் பட்டியை அவிழ்த்துக்கொண்டு, "கதவைத் திறவும் காணும்! செத்துப் போவம்!" என்று கத்தினார். திறக்கத்தான் பார்த்தேன். உள்பக்கம் இழுக்கும் கதவு அது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் அதன்மேல் சாய்ந்து அழுதால் எங்கிருந்து இழுப்பது?

அப்போதுதான் வெளியே படார் படார் என்று சத்தம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற பெத்தம்மாள், கட்டை பிளக்கும் கோடாலியை எடுத்துச் சுவரைப் பிளக்கிறாள்! மூன்று பலகை சிதறி விழுந்தது. வாத்தியார் முதலில் அவள் மகள் மீனம்மாவைத் தூக்கி அந்த ஓட்டை வழியாக வெளியே கொடுத்தார். எட்டு வயசுப் பிள்ளை, உதடு நீலம் பூத்துப்போய்க் கிடந்தது. உண்மையைச் சொன்னால் என்ன மச்சான், அது வீலென்று அழுகிற வரைக்கும் நானும் மாரியம்மனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுத பிறகு தெம்பு வந்து, "தோட்டத்துச் செவத்த யாரைக் கேட்டு ஒடச்சே?" என்று அதட்டினேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "எம் புள்ள மூச்சு விட நான் யாரைக் கேக்கணும்?" என்றாள். கங்காணி முகத்துக்கு நேரே, அத்தனை பேர் முன்னால்! அதிகாரி அந்த ஓட்டையில் தலையை நீட்டிக்கொண்டு அவளுக்கு ஆமாம் போடுகிறார்.

கடைசியில் இரண்டு வாரத்துக்குள் நாலு ஜன்னல் வைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூடினால் மூடட்டும் என்று இருக்கலாமா என்றால், லயத்து வீடுகளில் இருக்கும் கூலிச் சனமெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாலு பக்கமும் ஜன்னல் இருக்கிறதாம், மூட்டை கட்டுகிறோம் என்கிறார்கள். ஆள் எல்லாம் போனபிறகு நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தையா மேய்ப்பேன்? அப்படியானால் ஜன்னலை வைத்துத் தொலையேன் என்பீர்கள். எப்படி வைப்பது? வைத்தால் பெத்தம்மாள் செய்தது சரி என்று ஆகிவிடுமே! ஆகையால் தாங்கள் பாசாரில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, துரைக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு மனு தயார் பண்ணவும். கட்டடத்தில் குற்றமில்லை, அதிகாரிக்குத்தான் நெஞ்சு பலவீனம், வெயில் காலத்தில் கோட்டுப் போட்டால் யாருக்கும் மூச்சு முட்டும் என்று எழுதட்டும். சுவரை உடைத்த பெத்தம்மாள் பெயரை வேலையிலிருந்து வெட்டவேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லவும். ஓட்டையை இரண்டு ஒட்டுப்பால் மூட்டை வைத்து அடைத்துவிட்டேன். பாடம் வழக்கம்போல நடக்கிறது, இருமலும் நடக்கிறது.

தங்கள் கடையும் குடும்பமும் அம்மன் அருளால் ஆல்போல் தழைக்க வேண்டும். கருப்பாயி செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆகையால் அவள் சார்பில் நானே கும்பிடு சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
வீரப்பன் கங்காணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் தபால் கிடைத்தது. தங்கள் வீட்டில் தங்கி இங்கிலீஷ் படிக்கும் நம் பையன் சேகரனைக் கடைசிப் பெஞ்சில், ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் தலைவலியோடு இருமிக்கொண்டு வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டுச் சும்மாவா இருக்கிறீர்கள்? மனுவெல்லாம் கிடக்கட்டும், கிழித்துப் போடுங்கள். இந்த நிமிஷமே கடையை அடைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெரிய வாத்தியார் காலில் விழுந்தாவது பையனை ஜன்னலோரத்துக்கு மாற்றுங்கள். நான் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெற்ற பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு கேட்டபிறகு எவனுக்கு மச்சான் தொண்டையில சோறு இறங்கும்?