நான் தேங்க்லெஸ் மாப்பிள்ளை ஆன கதை

என் கல்யாண வரவேற்பில் இருபது நிமிஷம் மாப்பிள்ளையைக் காணோம். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மைத்துனன் சொன்னால் இருபது நிமிஷம் இரண்டு மணி நேரமாகிவிடும்.

அறுபதுகளின் கடைசி. நான் குரோம்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். முடிச்சூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். (அங்கே அப்போது வேறு மீடியம் கிடையாது, வயல்தான் இருந்தது.) என் ஆங்கிலம் முழுவதும் கம்பெனிக் கடிதங்களில் பொறுக்கியது. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பிக்கவிட்டால் எதையும் சொல்லிவிடுவேன். அப்படி ஆரம்பிக்க முடியாத இடத்தில் ஊமை.

பெண் மேபல், கிழக்குத் தாம்பரம், டெலிபோன் ஆபரேட்டர். அவள் அப்பா ஞானமுத்து சார், ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று காபி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றேன்.

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, தேங்க்ஸ் பஸ் கண்டக்டருக்கு. வீட்டுல காபி கொடுத்தா தேங்க் யூ. ரயில்ல எடம் கொடுத்தா மச் ஒப்ளைஜ்ட். உசிரைக் காப்பாத்தின டாக்டருக்கு கிரேட்ஃபுல். இன்டெட்டெட்ங்கிறதைக் கடவுளுக்கு மட்டும் வச்சுக்கணும். எல்லாருக்கும் ஒரே வார்த்தையைப் போட்டா அப்புறம் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை?"

"யெஸ் சார்" என்றேன். அதற்குள் காபி ஆறிவிட்டது.

இருந்தும் பெண் கொடுத்தார். மேபல் பிடிவாதம் பிடித்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. (என்னிடம் என்ன கண்டாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.) சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வரவேற்பின் முடிவில் மாப்பிள்ளை எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்வது எங்கள் வழக்கம். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

மேபல் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றே வரி எழுதி அனுப்பினாள். கடைசியில், 'இதைச் சொல்லிட்டு உக்காந்துடுங்க, போதும்' என்று ஒரு குறிப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெண்ணையே கொடுத்தவருக்கு, காபிக்குச் சொல்கிற அதே தேங்க் யூவா? கண்டக்டர் முதல் கடவுள் வரை சார் போட்ட பட்டியலில் மாமனாருக்கு என்று ஒன்றும் இல்லை. கம்பெனியில் இருந்த அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டுச் சிந்திக்க ஆரம்பித்தேன். கெட்டது அங்கேதான்.

ப்ரைஸ்லெஸ் என்றால் விலை சொல்லி மாளாதது. கவுன்ட்லெஸ் என்றால் எண்ணி மாளாதது. அப்படியானால் நன்றி சொல்லி மாளாதது? தேங்க்லெஸ்! கண்டுபிடித்த பெருமையில் அகராதியை மூடிவிட்டேன். அந்த வார்த்தை அதே அகராதியில், 'நன்றி கெட்ட' என்ற அர்த்தத்தோடு ஏற்கெனவே இருந்தது.

வரவேற்பு, சர்ச்சோடு ஒட்டிய ஹாலில். பக்கத்திலேயே ரயில் பாதை. பாஸ்டர் ஐயா வாழ்த்தியபோது ஒரு ரயில் போய் பாதியை விழுங்கியது. மாமனார் பேசியபோது இன்னொன்று. நான் எழுந்து நின்றபோது தாம்பரத்தில் ஒரு சக்கரம் அசையவில்லை. ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று கேட்டது.

"மை ஃபாதர்-இன்-லா ஹேஸ் டன் எ தேங்க்லெஸ் ஜாப் இன் பிரிங்கிங் அப் மேபல்" என்றேன். மேபலை வளர்த்தது நன்றி கெட்ட வேலை என்று அர்த்தமாகிவிட்டது.

ஹால் அடங்கியது. உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். மேபல் என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். கல்யாணமான அன்றே இவ்வளவு பிரியமா என்று பூரித்து, குரலை இன்னும் உயர்த்தினேன்.

"ஆல் ஆஃப் யூ ஆர் தேங்க்லெஸ் பீப்பிள்" என்று சபையை நோக்கிக் கையை விரித்தேன். "எஸ்பெஷலி ஆன்ட்டி" என்று முன்வரிசையைப் பார்த்துத் தலைவணங்கினேன். அங்கே இருந்தவர் பல்லாவரத்து அத்தை, சாரின் அக்கா. தாயில்லாத மேபலைத் தூக்கி வளர்த்தவர். அன்றைய மூன்றடுக்கு கேக்கையும் அவரேதான் செய்திருந்தார்.

முத்தாய்ப்பு வைக்க வேண்டுமே. "டில் மை லாஸ்ட் ப்ரெத் ஐ வில் ரிமெய்ன் யுவர் மோஸ்ட் தேங்க்லெஸ் சன்-இன்-லா" என்று முடித்தேன்.

என் கம்பெனி ஆட்கள் நாலு பேர் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள். (அவர்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே ஃபைலில் இருந்து வந்தவை.)

உட்கார்ந்தேன். போட்டோகிராபர் எதிரே நின்றதால் மேபல் சிரித்த முகமாகவே சொன்னாள். "எங்க அப்பா, அத்தை, வந்தவங்க எல்லாரையும் நன்றி கெட்டவங்கன்னு சொல்லிட்டீங்க."

அந்த போட்டோவில் நான் வாயைத் திறந்தபடி இருக்கிறேன்.

அப்போது மேபலின் தம்பி ஓடிவந்து, "அக்கா, அத்தை கோவிச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க" என்றான். மேபலின் சிரிப்பு போய்க் கண் நிறைந்துவிட்டது. "அத்தை வராம நான் கேக்கை வெட்ட மாட்டேன்" என்றாள்.

நான் பின்வாசல் வழியாக ஓடினேன். கோட்டு, டை, கழுத்தில் மாலை. ஸ்டேஷன் பாலத்துப் படிகளில் இரண்டிரண்டாக ஏறியவனைப் பார்த்து ஒரு போர்ட்டர், "இன்னா சார், கண்ணாலத்த வுட்டுட்டு ஓடியாந்துகினு கீறே? பொண்ணு புடிக்கலியா?" என்று அக்கறையோடு விசாரித்தார். நின்று விளக்க நேரமில்லை.

ரயில் தாம்பரத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பதால் பிழைத்தேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அத்தை, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"அத்தை, நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் தம்பி. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாது அத்தை. அதுதான் விஷயம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நீங்க மேபலுக்குச் செஞ்சதுக்கெல்லாம் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. அதைச் சொல்ல எந்த வார்த்தையும் பத்தல. நானா ஒண்ணு உண்டாக்கினேன். அது இப்படி ஆயிடுச்சு." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டி முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "எறங்கிப் போம்மா. அழுதுடும் போல கீது" என்றார்.

அத்தை என்னை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இதையே அங்க தமிழ்ல சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"மாமா போட்ட கண்டிஷன் அத்தை."

"அவன் கெடக்கான்" என்று எழுந்தார். அவர் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் ரயில் கிளம்பியது.

ஹால் வாசலில் பாதிக் கூட்டம் நின்றது. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஞானமுத்து சார். அவர் முகத்தில் அன்று கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்பது எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகுதான் புரிந்தது.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?" என்று கேட்டார்.

ப்ரைஸ்லெஸ், கவுன்ட்லெஸ் என்று கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்வது போல் ஒப்பித்தேன்.

"லாஜிக் சரிதான். இங்கிலீஷ்லதான் லாஜிக் கெடையாது" என்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கேக் வெட்டினோம். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. உறவில் எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "தேங்க்லெஸ் மாப்பிள்ளையைப் பேசச் சொல்லாதீங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. எங்கள் வீட்டுக்குள் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே இல்லை. மழை வருவதற்கு முன் மாடியில் காய்ந்த துணியை மருமகள் எடுத்து வந்தபோது, "தேங்க்லெஸ் அண்ணி" என்றாள் என் பெண். வந்த புதிதல்லவா, மருமகள் முகம் சுண்டிவிட்டது. உட்காரவைத்து முழுக் கதையும் சொல்ல வேண்டியிருந்தது.

என் அர்த்தத்தை வீட்டில் முதலில் ஏற்றுக்கொண்டவர் யார் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. எழுபதுகளின் நடுவில் சாருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. எங்களோடுதான் இருந்தார். காலையில் அவருக்கு ஷேவ் செய்துவிடுவது என் வேலை. ஒருநாள் சோப்பு நுரையைத் துடைத்துவிடும்போது, "தேங்க்லெஸ் ஜாப், மாப்பிள்ளை" என்றார்.

எனக்குப் பதறிவிட்டது. "என்ன மாமா, நான் அப்படியெல்லாம் நினைச்சதே இல்ல."

"நான் இங்கிலீஷ்ல சொல்லல. உங்க அர்த்தத்துல சொன்னேன்."

கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இடது காதுக்குக் கீழ விட்டுட்டீங்க" என்றார்.