வாசலில் ஒரு பானை நீரூற்று

படத்தில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் நூல் பிடித்ததுபோல் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கத்தின் பானையிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை. கூத்தப்பாக்கத்தில் தன் வீட்டு வாசலில், இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினோடு அவர் குந்தியிருந்தார். வயது ஐம்பத்தேழு, அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஆணி அடிக்கக்கூட ஆள் வைப்பவர்.

"ஓட்டை ரொம்ப மேல போட்டுட்டீங்கப்பா. தண்ணி அங்க ஏறவே இல்ல," என்றாள் மகள் வினோதினி, போனைப் பார்த்தபடி.

கீழே இன்னொரு ஓட்டை போட்டார். தண்ணீர் சுவர்ப் பக்கமாகப் பாய்ந்தது.

"இது பின்னாடி போகுதேப்பா. முன்னாடி ஒண்ணு போட்டா சரியாயிடும்."

முன்னாடியும் ஒன்று போட்டார். இப்போது மூன்று ஓட்டைகள். ஹோஸ் பைப் மேலே ஊற்ற ஊற்ற, பானை பக்கத்துக்கு ஒன்றாகப் பீய்ச்சியது. ராஜமாணிக்கம் முழங்கால் வரை நனைந்து, வெற்றியோடு எழுந்து நின்றார்.

உள்ளேயிருந்து வந்த மனைவி மங்கலம் பானையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இது பாக்கறதுக்கு..."

"பாக்கறதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல அந்த வார்த்தைய நான் எதுக்கு என் வாயால சொல்லணும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

"ரசனை கெட்ட ஜென்மம்," என்றார் அவர்.

நல்ல காரியம் மறுநாள் பத்தரை மணிக்கு. சிதம்பரத்திலிருந்து வினோதினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் ஐந்து இடம் வந்தது. ஐந்து இடமும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று போனதுதான். ஐந்தாவது இடம் கழன்று கொண்டபோது, தரகர் மனம் இரங்கி உண்மையைச் சொன்னார்: "வூட்டு முகப்பு எடுப்பா இல்லன்னு நெனைக்கிறாங்க சார்." ராஜமாணிக்கம் அன்றுதான் தன் வீட்டை வெளியாள் கண்ணோடு பார்த்தார். ஒரு குழாய், ஒரு பழைய ஸ்கூட்டர், செத்தும் சாகாமலும் ஒரு குரோட்டன்ஸ். இருபத்தெட்டு வயதாகிவிட்ட பெண்ணை வைத்துக்கொண்டு இந்த வாசலைத்தானா ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த இடமும் தவறினால் அவ்வளவுதான், ஓய்வு பெற்ற பிறகு யார் வரப்போகிறார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா ஞானாம்பாள் போனிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தாள். "நகை நட்டெல்லாம் எங்களுக்குப் பெருசில்லீங்க. பொண்ணு வேலைக்கும் போக வேணாம். வூட்ட அழகா வச்சிக்கத் தெரிஞ்சா போதும். உங்க வாசலப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

வினோதினி குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆய்வுக்கூடத்துக்கே பொறுப்பாளி. அவளுக்குக் கீழே ஒன்பது பேர். திங்கட்கிழமை அப்பாவிடம், "எனக்கு இந்த இடம் வேணாம்பா. வேலைய விட மாட்டேன்," என்றாள்.

"எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்படித்தான் சொல்லும். உங்கம்மா சொல்லலியா?"

"சொன்னேன்," என்றாள் மங்கலம். அதைக் கேட்க அங்கே ஆளில்லை. ராஜமாணிக்கம் தரகருக்குப் போன் போடப் போயிருந்தார்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண், வியாழக்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்தாள். "வாசலுக்குக் கொஞ்சம் ஐடியா பாத்து வச்சிருக்கேன்பா." போனில் வெளிநாட்டுத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் வழிக்கு வந்துவிட்டாள், கோயில் உண்டியலில் போட்டது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பானையின் புண்ணியத்தில் மத்தியானத்துக்குள் வாசல் சேற்று வயலாகிவிட்டது. ஞானாம்பாள் பட்டுப்புடவையோடு இதில் எப்படிக் கால் வைப்பாள்?

"இதுக்கும் ஒரு ஐடியா இருக்குப்பா," என்று வினோதினி படம் காட்டினாள். ஏதோ வெள்ளைக்காரன் வீட்டு நடைபாதை, முழுக்கப் பூவிதழ்.

சாமந்தியும் ரோஜா இதழும் கூடை கூடையாக வந்தன. வீட்டுப் படியிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் அப்பாவும் பெண்ணும் வாரி இறைத்தார்கள். மங்கலம் கோலப்பொடி டப்பாவோடு வந்து, போட இடமில்லாமல் நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா, கோலம் இல்லாம ஒரு வாசலா? தெருவெல்லாம் பூவ வேற எறச்சிவச்சிருக்கீங்க. இத பாத்தா..."

"பாத்தா?"

"என் வாயக் கெளறாதீங்க," என்று டப்பாவை மூடிக்கொண்டு போனாள்.

ஈரத்தில் பூ ஊறியதும் ஈயும் கொசுவும் சொல்லி அனுப்பியதுபோல் வந்து சேர்ந்தன. அதற்கும் படம் இருந்தது. தோட்டத்தில் கட்டை எரிய, சுற்றி உட்கார்ந்து வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் கேட்டுக்கு வெளியே பழைய சட்டியில் இரண்டு விறகுக் கட்டையைப் போட்டுப் பற்றவைத்தார். பச்சைக் கட்டை. எரியாமல் புகைந்தது. கொசு போகவில்லை, புகை மட்டும் கூடத்துக்குள் புகுந்து, புதுத் திரைச்சீலை, சோபா எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வர்றவங்கள உள்ள உக்கார வைக்க முடியாதுப்பா. வெளியிலயே சேர் போட்டுடலாம். வெயிலுக்கு மேல துணி கட்டிக்கலாம். வெள்ளைத் துணி. கலர்னா பஜனை மடம் மாதிரி இருக்கும், வெள்ளைதான் கிளாஸ்."

ராஜமாணிக்கம் சாமியானா கடை அன்பரசுவுக்குப் போன் போட்டார். புகையில் அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது, மூக்கு ஒழுகியது.

"அன்பரசு... நாளைக்குக் காலையில வூட்டு வாசல்ல பந்தல் வேணும். வெள்ளைத் துணி. சேர் ஒரு அம்பது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"வெள்ளையா சார்?" என்றான் அன்பரசு மெதுவாக.

"ஆமாம்பா. பாப்பாவுக்காகத்தான்." ராஜமாணிக்கம் மூக்கைச் சிந்தினார்.

"ஐயோ சார்... நீங்க ஒண்ணும் பேச வேணாம். சாயங்காலமே பசங்கள அனுப்புறேன். மனச மட்டும் விட்டுடாதீங்க சார்."

என்ன மரியாதையான பிள்ளை என்று ராஜமாணிக்கம் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஆள் வந்தார். எதிர்வீட்டுச் சுப்பிரமணியன், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தோளில் துண்டு. செருப்பைத் தன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ராஜமாணிக்கத்தின் இரண்டு கையையும் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"காபி சாப்பிடுங்க சார்."

சுப்பிரமணியன் பதறிப்போனார். "காபியா? இங்கியா? வேணாங்க!"

"கேசரியாவது ஒரு வாய்..."

அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். 'பாவம், அதிர்ச்சியில் ஏதேதோ பேசுகிறார்' என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அதற்குப் பிறகு தெருவே வந்தது. ஆபீசிலிருந்து நான்கு பேர் இரண்டு வண்டியில் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கையைப் பிடித்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. சிலர் எழுந்து போகும்போது போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு அம்மாள் பானை நீரூற்றைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியா, ஒருத்தன் முகத்துலயாவது சிரிப்பு இருக்கா?" என்று ராஜமாணிக்கம் மனைவியிடம் கிசுகிசுத்தார். "எல்லாம் வயித்தெரிச்சல். இப்படி ஒரு வாசல இந்த ஏரியாவுல எவன் வச்சிருக்கான்?"

மங்கலம் விறுவிறுவென்று உள்ளே போனாள். கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

பத்து இருபதுக்கு ஒரு வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியது. ராஜமாணிக்கம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பூப்பாதையில் இறங்கினார். கார் பூ தொடங்கும் இடத்தில் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளேயிருந்து நான்கு தலைகள் பந்தலைப் பார்த்தன, புகையைப் பார்த்தன, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தன. கண்ணாடி ஏறியது. கார் பின்பக்கமாகவே போய்த் திரும்பி மறைந்தது.

அவர் போன் போட்டார். ஞானாம்பாள் எடுத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்க? விடிகாலையில கெளம்பி வந்தோம். சரி, யாரு, உங்க அம்மாவா?"

"அம்மாவா? அம்மா போயி பத்து வருஷம் ஆவுதுங்க. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வாங்க, கேசரி ஆறிடப்போவுது."

"யாரும் சாவலியா?"

"இல்லீங்களே!"

"யாரும் சாவாமலேயே பந்தல் போட்டு, கொள்ளிக் கட்டை வச்சி, தெருவெல்லாம் பூ எறச்சி... உங்களுக்கு என்னங்க ஆச்சு? இப்படி ஜோடிக்கிற வூட்டு சவகாசமே எங்களுக்கு வேணாம்." போனை வைத்துவிட்டாள்.

ராஜமாணிக்கம் திரும்பி நின்று வீட்டைப் பார்த்தார். நேற்றிலிருந்து மங்கலம் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை, வெள்ளைத் துணியாகவும் புகையாகவும் எதிரே நின்றது. மூன்று ஓட்டையிலும் தண்ணீர் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கைக்கு அகப்பட்ட பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார்.

விஷயம் வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. சுப்பிரமணியன் எழுந்து வந்தார்.

"அப்ப யாரும் இல்லியா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "நான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கேன்யா! இப்ப நான் போயி குளிக்கணுமா, வேணாமா?"

பந்தல் கால்மணி நேரத்தில் காலியானது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரும் குளிக்கத்தான் போனார்கள்.

வினோதினி வெளியே வந்தாள். அப்பாவின் பக்கத்தில் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜமாணிக்கத்துக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மூன்று நாளாக எவ்வளவு ஆசையாக ஓடி ஓடிச் செய்தாள்!

"வருத்தப்படாதம்மா. நீ பட்ட பாட்டுக்கு இதவிட நல்ல எடமா வரும். அப்பா பாக்குறேன்," என்று அவள் தலையைத் தடவினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சரிப்பா," என்றாள் அவள். எழுந்து போய் ஹோஸ் பைப்பை மூடினாள்.

அந்த நேரத்தில்தான் அன்பரசு தன் டிவிஎஸ் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தலைகுனிந்தபடி நடந்து வந்தான். கையில் ஆளுயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. கேட்டருகே வந்து நிமிர்ந்தவன், குழாயடியில் நின்ற வினோதினியைப் பார்த்தான். மாலை கைநழுவிச் சேற்றில் விழுந்தது.

"பாப்பா... நீ நல்லாத்தான் இருக்கியா?"

வினோதினி அவனைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

அதுவரை அடக்கிவைத்திருந்த ஆத்திரமெல்லாம் ராஜமாணிக்கத்துக்கு அன்பரசு மேல் திரும்பியது. "நீயுமாடா? ஊருதான் கண்ணு கெட்டு வந்துதுன்னா, உனக்கு எங்கடா போச்சு புத்தி? என் பொண்ணுக்கு மாலை வாங்கிட்டு வர்ற அளவுக்கு எவன்டா உனக்குச் சொன்னான்?"

"கோச்சிக்காதீங்க சார்," என்றான் அன்பரசு. "புதன்கெழம பாப்பா நம்ம கடைக்கு வந்து, எழவு வூட்டுக்கு என்னென்ன வைப்பாங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டு போன்ல எழுதிக்கிச்சி. யாருக்குப் பாப்பான்னு கேட்டேன். 'எனக்குத்தாண்ணே, ஞாயித்துக்கெழம பத்தரைக்கு'ன்னு சொல்லுச்சி சார்."