மதர் கேரியிங்

தந்தியை மூன்றாம் தடவை படித்தபோதும் பஷீருதீனின் அம்மா கர்ப்பமாகத்தான் இருந்தாள்.

"மதர் கேரியிங். பீ ரெடி. ஃபாதர்."

செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தான் பஷீருதீன். தனக்குத் தெரியாத இங்கிலீஷ் சொல் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்பது அவன் எண்ணம். 'கேரியிங்' அவனுக்கு நன்றாகவே தெரியும். போன மாதம்தான் வக்கீல், 'என் மனைவி கேரியிங், ஆகையால் வாய்தா வேண்டும்' என்று கோர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தார். டைப் அடித்தவன் இவனே. வக்கீல் வீட்டு அம்மாளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

பஷீருதீனின் அம்மா ஷஹர்பானு நாற்பதைத் தாண்டியவள். புதுப்பட்டினத்தில் அவன் அத்தா ஹயாத் பாஷாவோடு இருந்தாள். இவனுக்கே கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது.

"இன்னா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் குமாஸ்தா ஆபிரகாம்.

பஷீருதீன் தந்தியை நீட்டினான். ஆபிரகாம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இரு, அவசரப்படாத. கேரின்னா தூக்கறதுன்னும் ஒண்ணு கீது."

"தூக்கறதுன்னா எங்க அத்தா லிஃப்டுன்னு போட்டிருப்பாரு. கொண்டாறதுன்னா பிரிங்குன்னு போட்டிருப்பாரு. எத்தினி வார்த்தை கீது! அதையெல்லாம் வுட்டுட்டு கேரியிங்குன்னா இன்னா அர்த்தம்? மகன்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு நாசூக்கா சொல்றாரு."

ஆபிரகாம் வக்கீலின் அகராதியைத் தூக்கி வந்தார். 'கேரி' என்ற சொல்லுக்கு நேராக 'பேர்' என்று இன்னொரு இங்கிலீஷ் சொல்லைப் போட்டிருந்தது. 'பேர்' இருந்த பக்கத்தைப் புரட்டினார்கள். சுமத்தல், பொறுத்தல், பிள்ளை பெறுதல். அதற்குக் கீழே, கரடி.

"கரடின்னே வெச்சுக்கலாமா?" என்றார் ஆபிரகாம் ஆறுதலாக.

"எங்கம்மாவையா?"

ஆபிரகாம் அகராதியை மூடிவிட்டார்.

கேட்டுவிடுவதே நல்லது என்று பஷீருதீன் தபாலாபீசுக்கு ஓடி, 'கன்ஃபர்ம் கேரியிங்' என்று பதில் தந்தி கொடுத்தான். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் அங்கிருந்து மறு தந்தி வந்துவிட்டது.

"யெஸ் கேரியிங். வெரி ஹெவி. டெலிவரி டுடே ஈவினிங் பஸ் ஸ்டாண்ட். ஃபாதர்."

பஷீருதீன் பெஞ்சில் உட்கார்ந்தான். கூச்சம் போய் இப்போது பயம் வந்தது. நிறைமாதக்காரியைத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற மனுஷனும் உண்டா? அதுவும் எங்கே பெறுவாள் என்பதுவரை முடிவு செய்து!

வீட்டுக்கு ஓடி மனைவி சுராயாவிடம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமிக்கா? நமக்கே இன்னும் ஒண்ணும் காணோம்!"

"அதை அப்புறம் பேசலாம். கம்பளியை எடு. வெந்நீ போடு."

மருத்துவச்சி சந்திரம்மாவை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். சுராயா வெந்நீர் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜட்கா குலுங்கும்போதெல்லாம் குதிரைக்காரன் முதுகில் வெந்நீர் தெறித்தது. அவன் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்ததால், என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்து சேர்ந்தது.

"எடம் வுடுங்க! ஆம்பளைங்க அந்தாண்ட போங்க!" என்று சந்திரம்மா விரட்டினாள். பூக்காரிகளும் முறுக்குக்காரிகளும் புடவைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். மறைப்புக்கு வெளியே பஷீருதீன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். தம்பியோ தங்கையோ எதுவானாலும் சரி, ஊர் என்ன சிரித்தாலும் சரி, அம்மா பிழைத்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. படியில் தொங்கிய கண்டக்டர், "யாருய்யா இங்க பஷீரு? கொழவி அம்மா மடியில கீது, வந்து வாங்கிக்க!" என்று கூவினான்.

என்ஜின் இரைச்சலில் அது அவனுக்குக் குழந்தை என்றே கேட்டது.

"பஸ்லயே பொறந்துடுச்சா!"

ஜன்னல் வழியாக அம்மாவின் முகம் தெரிந்தது. வெளுத்து, வேர்த்துப்போயிருந்தாள். பழைய புடவையில் சுற்றிய ஒன்றை வெளியே நீட்டினாள்.

"புடிடா. கை வுட்டுப் போச்சு எனக்கு."

வாங்கினான். கை கீழே தணிந்தது. அது அசையவில்லை. சில்லென்று இருந்தது.

"சந்திரம்மா! மூச்சே இல்ல!"

சந்திரம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள். அழாத குழந்தைக்குச் செய்ய வேண்டியது அவள் கைக்கு மனப்பாடம். துணியோடு தலைகீழாகக் கவிழ்த்து, பின்பக்கத்தில் பளாரென்று ஓர் அடி கொடுத்தாள்.

வீல் என்று அலறியது சந்திரம்மாதான்.

துணி நழுவி விழுந்தது. உள்ளே கருகருவென்று ஓர் ஆட்டுக்கல் குழவி.

"ஏண்டா, அதைப் போட்டு ஏன் அடிக்கிறாங்க?" என்றாள் ஷஹர்பானு பஸ்ஸுக்குள்ளிருந்து. "அடிக்கல்லு பஸ்ஸு மேல கட்டிக் கீது, அதை எறக்கு மொதல்ல. உன் பொண்டாட்டி மாவாட்டப் பக்கத்து வூட்டுக்குப் போறான்னு மகாபலிபுரத்துல சொல்லிச் செஞ்சது. எறக்க ஆள் வெச்சிரு, பஸ் ஸ்டாண்டுல ஒப்படைக்கிறோம்னு அத்தா தந்தி குடுத்தாரே, வரல?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. புடவையைப் பிடித்திருந்த பூக்காரிகள் அதை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆபிரகாமும் எங்கிருந்தோ வந்து நின்று, "தூக்கறதுன்னும் ஒண்ணு கீதுன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். பஷீருதீன் தலையைத் தூக்கவில்லை. இனி இந்த ஊரில் இங்கிலீஷ் வாயிலிருந்து வரவே கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

ஷஹர்பானு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். இறங்கியவள் தலை சுற்றிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. பஸ் நாத்தம் ஒத்துக்கல. வழியெல்லாம் வாந்தி."

வீங்கிய கையை உதறிக்கொண்டிருந்த சந்திரம்மா, மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பூக்காரிகளை மறுபடி புடவை பிடிக்கச் சொல்லி, மறைப்புக்குள் கூட்டிப்போய்க் காதோடு ஏதோ கேட்டாள். பஷீருதீன் மறைப்புக்கு வெளியே போய் நின்றான்.

"கோச்சுக்காத சந்திரம்மா. தந்தியைத் தப்பா படிச்சிட்டு உன்னை வீணா இழுத்துக்கினு வந்துட்டேன்."

சந்திரம்மா புடவையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"நீ சரியாத்தான் படிச்சிருக்க நைனா. டெலிவரிக்குத்தான் இன்னும் ஆறு மாசம் கீது."