ஆசிட் அண்ணாச்சியின் ‘அவிய’

கண்ணுக்கே தெரியாத ஜீவராசிகளிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் ஆசிட் அண்ணாச்சிதான். கல்லூரி முதல்வரையே ‘அந்த ஆளு’ என்பார். ஓடைப் பாசி என்றால் மட்டும் ‘அவிய’, அதாவது ‘அவர்கள்’!

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டி லாட்ஜ் ஒன்றில் நானும் அவரும் ஒரே அறை. நான் குமாஸ்தா, அவர் தாவரவியல் வாத்தியார். அவர் வேட்டிகளில் ஓட்டையைக் கழித்தால் கரை மட்டும்தான் மிஞ்சும். எட்டயபுரம் சாலைப் பக்கம் மூடிக் கிடந்த ஆசிட் கிடங்கிலிருந்து கசிந்த ஓடைதான் காரணம். அதில் மாடு வாய் வைக்காது. கரிசலில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் சோடா மாதிரி பொங்கும். அப்பேர்ப்பட்ட தண்ணீரில் பச்சையாக ஒரு பாசிப் படலம் செழித்திருந்தது. அண்ணாச்சிக்கு அதுதான் உயிர்.

“ரெண்டு நாளா மேகமூட்டம். அவிய வாடிப் போயிருப்பாவ. குடும்பமா இருக்காவல்லா, ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்” என்று லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

மேனேஜர் என்ன நினைப்பார்? ஒரே வாரத்தில் அண்ணாச்சிக்கு ஓடைக்கரையில் ஒரு சின்ன வீடு அமைந்துவிட்டது. மேனேஜர் தன் பங்குக்கு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார்.

கழுகுமலையில் பெண் அமையும்வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆறேழு இடம் வேட்டியைப் பார்த்தே தட்டிப்போன பிறகு வந்த சம்பந்தம் அது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மயக்கத்தில் அண்ணாச்சி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணோடு புடவை எடுக்க வந்த அவள் அப்பா, மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று லாட்ஜுக்குள் நுழைந்தார்.

“அண்ணாச்சியா? குடும்பத்தப் பாக்க ஓடைக்கரைச் சின்ன வீட்டுக்குப் போயிருக்காவ” என்றார் மேனேஜர்.

பெரியவர் முகம் கறுத்தது. நான் அவசரமாக விளக்கினேன்.

“பாசியாம், குடும்பமாம்! யாரு காதுல பூ சுத்துதீரு? காட்டும்வே அந்த ஓடைய!”

போனோம். அண்ணாச்சி கரையில் குப்புறப் படுத்திருந்தார். எதிரே செங்கல் மேல் கல்லூரி மைக்ராஸ்கோப், அதன் கண்ணாடி வெயிலைப் பார்த்திருந்தது.

“எங்கவே உம்ம குடும்பம்?” என்று கத்தினார் பெரியவர்.

“ஓரமா வாங்க மாமா, அவிய மிதிபட்டுருவாவ.”

“இந்தச் சம்பந்தமே வேண்டாம். வாட்டி, போவோம்!”

அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு, மண்டியிட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கேட்டாள்: “இம்புட்டு ஆசிட்டுல எப்படி இருக்காவ?”

‘இருக்கு’ என்று சொல்லவில்லை. ‘இருக்காவ’ என்றாள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“தனியா முடியாது. பச்சையா இருக்கவிய வெயில வச்சுச் சமைக்குதாவ. பொடிப் புள்ளியா இருக்கவிய மிச்சத்தச் சாப்பிடுதாவ. சுத்தி இந்த வழவழப்புதான் வீடு. எல்லாரும் சேந்து இருக்கதாலதான் தாக்குப்பிடிக்காவ.”

நானும் பார்த்தேன். ஒரு சொட்டுக்குள் ஊரே நடமாடியது. சிவப்புக் கண்புள்ளியோடு பச்சை உடல்கள் நெளிந்து போயின. கண்ணாடி ஓடம் போலச் சில நகர்ந்தன. அவற்றினூடே ஆயிரம் புள்ளிகள் துடித்தன. எனக்குப் புல்லரித்தது. வேட்டியை ஓட்டை போடும் தண்ணீரில் இத்தனை உயிர் குடித்தனம் நடத்துகிறதே!

கடைசியாகப் பெரியவர் குனிந்தார். நிமிரும்போது கோபத்தைக் காணோம்.

“சின்ன வீடுன்னானே அந்த மேனேஜரு! எம்புட்டுப் பெரிய வீடுவே இது!”

கல்யாணப் பத்திரிகையை அண்ணாச்சி தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார். அடியில் ‘சுற்றமும் நட்பும்’ என்று அச்சடித்த இடத்தில் ஒரு சொட்டு ஓடைத் தண்ணீர் வைத்திருந்தார்.

“அவியளும் சேந்து கூப்பிடணும்லா?” என்றார்.

ஒரு வாரத்தில் அந்த இடம் பொரிந்து ஓட்டையாகிவிட்டது. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் இன்றுவரை நான் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.