கோட்டுக்கு வராத வெயில்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்; என் வீட்டுச் சமையல் நான்கு நாளாக உங்கள் வீட்டில்தானே நடக்கிறது. வழக்கமாக வா, போ என்று பேசுகிறவன் இன்று 'நீங்கள்' போடுவதிலிருந்தே என் நிலைமை விளங்கியிருக்கும்.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு, ஓய்வு பெற்ற பிறகும் மணி அடித்தால்தான் பசிப்பேன் என்று அடம்பிடித்தது. அதனால் போன குளிர்காலத்தில், கூடத்து சன்னல் வழியாக விழும் வெயில் நடுப்பகலில் தரையில் எதுவரை வருகிறதோ அங்கே பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். வெயில் கோட்டைத் தொட்டதும் சோறு போட வேண்டும் என்று உங்கள் அக்காவுக்கு உத்தரவு. சில நாள் ஜோராக நடந்தது. பிறகு வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னல் பக்கம் பின்வாங்கியது, நான் தட்டோடு காத்திருந்தேன், சோறு ஆறியது, கோடை வந்தபோது வெயில் சன்னலோரத்தை விட்டு நகரவே இல்லை. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். நான் படித்தவன். அஸ்திவாரம் இறங்கிவிட்டது, வீடு முன்பக்கம் சாய்கிறது, கட்டின மேஸ்திரியான நீங்கள் சிமெண்டில் கைவைத்துவிட்டீர்கள் என்று முடிவுகட்டி, நேரே நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்து, சாரத்தின் மேலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினேன்.

நீங்கள் என்னோடு வீட்டுக்கு வந்து நாலு மூலையிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, "வீடு நேராத்தான் நிக்குது அத்தான்" என்றீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள். அப்புறம்தான் உங்கள் அக்கா வாயைத் திறந்தாள்.

"வீடு சாயல. பூமிதான் சாஞ்சிருக்கு. சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. அதனால குளிர்காலத்துல வெயில் தாழ வந்து உள்ள விழுது, கோடையில உச்சிக்கு ஏறிடுது. இதைச் சொல்லிக்கொடுத்துத்தானே சம்பளம் வாங்குனீங்க?"

நான் புவியியல் வாத்தியார் என்பது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "வெயில் உங்க கோட்டுக்குத் திரும்பி வர்ற அன்னிக்கு நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி அந்தப் பக்கம் போய்ச் சேர இன்னும் ஆறு மாதம். அதுவரை அது தன்னைத்தானே நூற்று எண்பது தடவை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று வேளை நான் சமைத்து நானே சாப்பிட வேண்டும். பூமியை அவசரப்படுத்த என்னால் முடியாது. அக்காவை அவசரப்படுத்த உங்களால் முடியும். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. உங்கள் ஆட்கள் முன்னால் வந்து, அன்று கத்தின அதே குரலில் மன்னிப்புக் கேட்கத் தயார். இனி இயற்கையோடு வம்புக்குப் போக மாட்டேன், அது சொல்வதைக் கேட்டு நடப்பேன்.

உங்கள் கைவேலை ஓங்கட்டும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த அத்தான்

பின்குறிப்பு: இன்று நடுப்பகலில் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். வெயில் கோட்டுக்கு வந்துவிட்டது என்று மட்டும் அக்காவிடம் சொல்லவும். உடனே புறப்பட்டால் பார்த்துக் கால் வைக்கச் சொல்லவும், பெயிண்ட் இன்னும் காயவில்லை.